கொழும்பில் குடும்பத்துக்கு ஒரு கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 அன்று மறுபடி திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடமாகப் பழைய காரையே தேய்த்துத் தேய்த்து ஓட்டியவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இனி ஓட்டோவில் அடங்க முடியாதவர்கள், எல்லோரும் இப்போது விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் எந்தக் காருக்கும் விலை போடவில்லை.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு கார் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கார் இரவில் நிற்கப்போகிற இடத்திலிருந்து. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. கார் சேலுக்கு (கார் விற்கும் இடத்துக்கு) போவதற்கு முன் அளவு நாடாவோடு கீழே இறங்கி உங்கள் தரிப்பிடத்தை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் நிற்கும் நேரத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். தூணுக்கும் அவருடைய கதவுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் உங்கள் இடம்.

ஜப்பான் சந்தைக்குச் செய்த சுசுகி வேகன் ஆர் போன்ற கே ரகக் கார்கள், அதாவது ஜப்பானின் மிகச் சிறிய கார் வகை, 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டாது. அங்கத்தைய சட்டமே அப்படி. டொயோட்டா ரைஸ் நாலு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 1.7 மீற்றர். இப்போதைய ஹொண்டா வெசல் 4.33 மீற்றர் நீளம், 1.79 மீற்றர் அகலம். காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இடுக்குக்குள் கதவைத் திறந்து கைக்குழந்தையோடு இறங்கும்போது அந்தப் பத்து சென்ரிமீற்றரின் அருமை தெரியும். இயந்திரத் தட்டில் ஏற்றி நிறுத்துகிற கட்டடம் என்றால் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு இருக்கும். பராமரிப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் ஐந்து பேர். வேகன் ஆர் போதுமா?

எந்த வேகன் ஆர் என்பதைப் பொறுத்தது. ஜப்பானிலிருந்து வரும் 660 சிசி கே ரகம் நாலு பேருக்கானது. பின் சீட்டில் இரண்டு பெல்ட்தான் இருக்கும். இந்தியாவில் செய்யப்படுவது ஐந்து பேருக்கானது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். தினமும் மூன்று பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுகிற வீட்டுக்கு ஜப்பான் வேகன் ஆர் சரிவராது. விபத்து என்று வந்தால் காப்புறுதியிலும் கேள்வி வரும். பதிவுப் புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்தக் கார் வசதி?

உயரமான கூரையும் தட்டையான தரையும் உள்ள கார். டொயோட்டா ரூமி, சியென்ரா போன்றவற்றில் பின்கதவு தள்ளித் திறப்பதால் இடுக்கான தரிப்பிடத்திலும் முழுதாகத் திறக்கலாம். காலை மடக்காமல் ஏறலாம். அம்மாவையே கூட்டிக்கொண்டு போய் இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஓட்டுகிறவர் மட்டும்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பின்னால் உட்காரப்போகிறவரை யாரும் கேட்பதில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கும் ஸ்கூல் லீவுக்கும் யாழ்ப்பாணம் போவோம். அதற்காக ஏழு பேர் கார் எடுக்கலாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வருடத்தில் இரண்டு தரம் போகும் 400 கிலோமீற்றர் பயணத்தை நினைத்து, மிச்சம் 350 நாளும் காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு கொழும்பின் காலி வீதி நெரிசலில் நிற்க வேண்டுமா? அதோடு, சியென்ரா போன்ற சின்ன ஏழு பேர் கார்களில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி இல்லாமல் போய்விடும். ஏழு பேரும் ஏறலாம், ஏழு பேரின் பையும் ஏறாது. திரும்பி வரும்போது அம்மம்மா கட்டிக் கொடுக்கும் பனங்கிழங்கையும் மாம்பழப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

அந்த இரண்டு பயணத்துக்கும் சாரதியோடு ஒரு வான் பிடியுங்கள். அல்லது ரயிலில் போங்கள். பெரிய காருக்கும் சின்னக் காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் வட்டியிலேயே அந்தச் செலவு முடிந்துவிடும். ஒரே விதிவிலக்கு: தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் ஒரே வீட்டில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் சேர்ந்து வெளியே போகிற குடும்பம். அவர்களுக்கு ஏழு பேர் கார் தினசரித் தேவை, தாராளமாக எடுக்கலாம்.

எங்களால் எவ்வளவு தாங்கும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

லீசிங் தவணையை மட்டும் பார்த்துத்தான் பலரும் அகலக் கால் வைக்கிறார்கள். கணக்கை மூன்று படியாகப் போடுங்கள்.

முதலாவது, கையில் உள்ள பணம். காரின் பெறுமதியில் எத்தனை சதவீதத்துக்குக் கடன் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் தனியார் கார்களுக்கு அது 60 சதவீதமாக இருந்தது, அதன் பிறகு இன்னும் இறுக்கப்பட்டது. ஆகவே பாதியாவது கைக்காசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பு. இந்தப் பாதிக்குள் நகையை அடகு வைத்த பணமோ, மாமாவிடம் கைமாற்றாக வாங்கியதோ இருந்தால் அதற்கும் தவணை உண்டு என்று கணக்கில் எழுதுங்கள்.

இரண்டாவது, தவணை. உதாரணத்துக்கு 90 இலட்சம் ரூபா கார், 45 இலட்சம் கடன், ஐந்து வருடம், குறைந்துசெல்லும் மீதியில் (கட்டக் கட்டக் குறையும் மிச்சக் கடனுக்கு மட்டும்) 13 சதவீத வட்டி என்று வைப்போம். மாதம் கிட்டத்தட்ட 1,02,400 ரூபா வரும். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 16 இலட்சத்துக்கு மேல். வட்டி விகிதத்தைக் கேட்கும்போது அது குறைந்துசெல்லும் மீதிக்கா, மொத்தக் கடனுக்கும் ஒரே சீராகவா என்று கட்டாயம் கேளுங்கள். 13 சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொன்னாலும், இரண்டாவது முறையில் வட்டி 29 இலட்சத்தைத் தாண்டும். இடையில் கடனை முடித்தால் எவ்வளவு தண்டம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, ஓடும் செலவு. பெற்றோல், முழுக் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேர்விஸ், மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை டயர். கார் லீசிங்கில் இருக்கும் வரை முழுக் காப்புறுதியை விட்டுவிட்டு மூன்றாம் தரப்புக்கு மாறவும் முடியாது.

தவணையையும் மாதத்துக்கு வரும் ஓடும் செலவையும், அடகு, கைமாற்றுத் தவணை இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகையைக் கார் வாங்குவதற்கு முன் ஆறு மாதம் மாதா மாதம் வங்கியில் தனியாகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் முணுமுணுப்பு இல்லாமல் ஆறு மாதம் ஓடினால் அந்தக் கார் உங்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டாவது மாதமே டியூஷன் காசுக்கு அதில் கை வைத்தால் ஒரு படி இறங்கிப் பாருங்கள். சேர்ந்த பணம் எப்படியும் முற்பணத்துக்கு உதவும்.

புத்தம் புதியதா, ரீகண்டிஷனா, இங்கே ஓடியதா?

உள்ளூர் முகவரிடம் புத்தம் புதியதாக எடுத்தால் உத்தரவாதம் கிடைக்கும், இடத்துக்கு ஏற்ற வானொலி, ஆங்கிலத் திரை எல்லாம் இருக்கும். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார், அங்கே ஒருவர் ஓட்டியது. மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது 2025இல் வந்த இறக்குமதி விதி. அதே காசுக்கு வசதிகள் கூடுதலாகக் கிடைக்கும், உத்தரவாதம் சேலைப் பொறுத்தது. திரை ஜப்பானிய மொழியில் பேசும். வானொலியும் அங்கத்தைய 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நமது நிலையங்களில் பாதி கேட்காது. இவை சின்ன விஷயம், ஆனால் எச்சரிக்கை விளக்கின் அர்த்தம் புரியாமல் ஓட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஆங்கிலக் கையேட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

இங்கே பதிவாகி ஓடிய காரில் ஒரு பெரிய நன்மை உண்டு: அதன் வரலாற்றை விசாரிக்கலாம். ஒரே உரிமையாளர், ஒரே இடத்தில் சேர்விஸ், புத்தகம் கையில் என்றால், மினுங்குகிற ரீகண்டிஷனைவிட அதை நான் நம்புவேன்.

ஆயிரம் சிசி எஞ்சின் குடும்பத்துக்குக் காணுமா?

இங்கே உற்பத்தி வரி பெற்றோல் கார்களுக்கு எஞ்சின் அளவைப் பிடித்து ஏறுகிறது. ஆயிரத்தைத் தாண்டினால் அடுத்த படி. 996 சிசி டர்போ எஞ்சினோடு வரும் ரைஸ் கொழும்பெங்கும் ஓடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். நகரத்துக்குள் ஆயிரம் சிசி தாராளம். மலைநாட்டில் சொந்தக்காரர் இருந்து, நாலு பேரும் சாமானும் ஏசியுமாக ஹற்றன், நுவரெலியா என்று அடிக்கடி ஏறுபவர்கள் டர்போ உள்ளதையே பாருங்கள். டர்போ இல்லாத 660 சிசி, கடுகண்ணாவை ஏற்றத்தில் பெருமூச்சு விடும்.

ஹைபிரிட் எடுத்தால் பெற்றோல் காசு மிச்சம்தானே?

பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓடுவதால் மிச்சம்தான், ஆனால் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்? சாதாரணக் கார் கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும், ஹைபிரிட் 18 கிலோமீற்றரும் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீற்றருக்கு ஒன்றுக்கு 100 லீற்றர், மற்றதுக்கு 56 லீற்றர். மிச்சம் 44 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று போட்டால் மாதம் 13,200 ரூபா. இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் 20 இலட்சம் என்றால் அதை மீட்க 12 வருடத்துக்கு மேல் ஆகும். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஆறு வருடம் சொச்சம். பள்ளிக்கூடம், கோயில், சந்தை என்று மாதம் 500 கிலோமீற்றரைத் தாண்டாத குடும்பம் ஹைபிரிட்டுக்காகக் கடன் கூட்டுவதில் லாபமே இல்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் வாங்கி ஓடியதை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தால் ஹைபிரிட் எடுக்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது மன நிம்மதிக்குக் கொடுக்கிற விலை, மிச்சக் கணக்கில் சேராது.

எடுத்துவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் பின் சீட்டுக்குக் கீழே பற்றரிக்குக் காற்று இழுக்கும் சிறிய சல்லடைத் துவாரம் இருக்கும். பிஸ்கட் தூளும் துணி நூலும் அதில் போய் அடைபடும், பற்றரி சூடேறும். பையை அதன் மேல் சாய்த்து வைக்கவும் கூடாது. ஒவ்வொரு சேர்விஸிலும் அதைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

மின்சாரக் கார்?

சொந்த வீடு, கூரையில் சூரிய மின்சாரம், தினமும் ஒரே பாதையில் வேலைக்குப் போய் வருவது. இந்த மூன்றும் சேர்ந்தால் மின்சாரக் காரை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிதானிக்க வேண்டும். உங்கள் தரிப்பிடத்துக்கு உங்கள் மீற்றரிலிருந்து வயர் இழுக்க முகாமைத்துவக் குழு அனுமதிக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் முற்பணம் கட்டாதீர்கள்.

சாதாரண பிளக்கில் ஏற்றினால் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை அலகுதான் ஏறும். 40 அலகுப் பற்றரி காலியாகிவிட்டால் நிரம்ப 16 மணித்தியாலம். மாதம் 1,000 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 150 அலகு கூடுதலாகப் போகும். நமது வீட்டுக் கட்டணம் அலகு கூடக்கூட விலையும் ஏறுகிற முறை. ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீட்டில் அந்த 150 அலகும் உச்சப் படியில்தான் விழும். நேரத்துக்கு ஏற்ற கட்டண மீற்றருக்கு மாற முடிந்தால், இரவு 10.30 முதல் விடியற்காலை 5.30 வரையான மலிவு நேரத்தில் ஏற்றலாம்.

பிளக் வகையையும் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் நிஸான் லீஃப் வேகமாக ஏற்ற ஷாடெமோ பிளக்கைக் கேட்கும். மற்றப் பல கார்களுக்கு வேறு பிளக். நீங்கள் வழக்கமாகப் போகிற வழியில் எது இருக்கிறது என்று நேரில் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை லீஃப்களின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, வெப்பத்தில் தேயும். அவற்றில், திரையின் ஓரத்தில் பற்றரியின் நலத்தைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை எரிகிறது என்பதைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ரீகண்டிஷன் காரில் ஏமாறாமல் இருக்க என்ன பார்ப்பது?

ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைத் தரம் பிரித்து எழுதிய ஒக்ஷன் ஷீட்டைக் கேளுங்கள். நகலை நம்பாமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நீங்களே சரிபாருங்கள். 4, 4.5, 5 என்பவை நல்ல தரம். ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. அதுவும் மோசம் என்றில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அப்புறம் காரையே படியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஜப்பானில் ஒயில் மாற்றியபோது ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் சில வேளை இருக்கும், அதில் அன்றைய கிலோமீற்றர் எழுதியிருக்கும். மீற்றரில் 20,000, ஸ்டிக்கரில் 45,000 என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் உண்டு: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய காரில் பிரேக் மிதி தேய்ந்து வழுவழுப்பாக இருக்காது.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

2016 மே மாதத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறியது. அப்படி நனைந்த கார்கள் பிறகு எங்கோ ஒரு சேலில் பளபளவென்று நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் அங்கே போவதில்லை. சேற்றுக் கறையோ புழுங்கிய மணமோ வந்தால் போதும். டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்பெயார் டயர்க் குழியைப் பாருங்கள். சீட் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

சீனக் கார்களை நம்பலாமா?

பொருளாகப் பார்த்தால் பல நன்றாகவே இருக்கின்றன. நான் கேட்பது வேறு: அடிபட்டால் முன் விளக்கும் பம்பரும் எத்தனை நாளில் கிடைக்கும்? டொயோட்டா, சுசுகிக்கு கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் ஒரு மணித்தியாலம் நடந்தால் புதியதும் பழையதும் கிடைக்கும். புதிதாக வந்த வகைக்கு முகவரை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அவருடைய உதிரிப்பாகப் பிரிவுக்குப் போய், அந்த மொடலின் முன் விளக்கு இன்று கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

கார் என்றால் சொத்துத்தானே? விற்றால் போட்ட காசு வரும்தானே?

இறக்குமதி பூட்டியிருந்த காலத்தில் வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றவர்கள் நிறையப் பேர். அந்த அனுபவம் நம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் அது பஞ்சத்து விலை. கதவு திறந்திருக்கும்போது கார் வருடா வருடம் விலை இறங்கும், உலகத்தில் எங்கும் அப்படித்தான். மறுவிலைக்காக நிறத்தையும் மொடலையும் தேர்ந்து, பிடிக்காத காரை எட்டு வருடம் ஓட்டுகிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

பட்ஜெட் வரும்வரை பொறுத்தால் வரி குறையுமா?

யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வரி குறைந்தாலும் ரூபா இறங்கினால் விலை ஏறும். தேவை இருந்து பணமும் தயார் என்றால் எடுங்கள். முற்பதிவு செய்பவர்கள் மட்டும் ஒன்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்: கார் வருவதற்குள் வரியோ யென் விலையோ மாறினால் அந்த வித்தியாசம் யார் தலையில்?

கைக்குழந்தை இருக்கிறது. பாதுகாப்புக்கு எதைப் பார்ப்பது?

பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்புக் கம்பி தட்டுப்பட வேண்டும். அதுதான் குழந்தை இருக்கையைக் கொழுவுகிற ஐசோஃபிக்ஸ். ஒரே பெயருள்ள கார் இந்தியச் சந்தைக்கு ஒரு மாதிரியும் ஜப்பான் சந்தைக்கு ஒரு மாதிரியும் வரும். எத்தனை எயார்பேக், தானாக பிரேக் பிடிக்கும் வசதி உண்டா என்பதை அந்தக் குறிப்பிட்ட காருக்கே கேளுங்கள். தோல் சீட்டுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கிற காசை முதலில் இதற்குக் கொடுங்கள்.

காரை எடுக்கிற நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

காப்புறுதி அன்றைக்கே, வீதியில் இறங்குவதற்கு முன்பே ஓட வேண்டும். பதிவு ஆவணத்தில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். லீசிங் எடுத்தால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்ததும் அதை நீக்க வேண்டும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள். இங்கே ஓடிய கார் என்றால், முந்தியவர் கையெழுத்துப் போட்ட திறந்த பத்திரத்தோடு மாதக்கணக்கில் ஓடாமல், உடனேயே நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ரீகண்டிஷன் கார் என்றால் இரண்டாவது சாவியையும் கேளுங்கள். பல கார்கள் ஒற்றைச் சாவியோடுதான் வருகின்றன. ஸ்மார்ட் சாவியைப் புதிதாகச் செய்து பதிவேற்றும் செலவு கணிசமானது, அதை விலை பேசும்போதே சேலின் தலையில் கட்டிவிடலாம்.